ஓரக்குறிப்பு எழுதுமுன் ஒரு வேண்டுகோள்

நம் படிப்பு வட்டத்து நண்பர்களுக்கு,



மாதந்தோறும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாலையில் கூடி, நம்மில் ஒருவர் எழுதிக் கொடுத்த கட்டுரையை முன்னதாகவே வாசித்து வந்து, காப்பியும் பக்கோடாவும் தீருமுன் அதைப் பற்றிய அபிப்பிராயங்களைச் சொல்லி முடித்துவிடுகிற வழக்கம் நமக்குள் ஏற்பட்டுச் சில வருஷங்கள் ஆகின்றன. உத்தியோகத்தில் இருப்பவர், ஓய்வு பெற்றவர், சொந்தத் தொழில் நடத்துபவர் என்று பலதரப்பட்ட நாம், நிர்வாகம் என்ற ஒரு விஷயத்தில் உள்ள பற்றினால் ஒன்று சேர்ந்தவர்கள். ஒருவர் மனத்தை ஒருவர் புண்படுத்தும் உத்தேசம் நம்மில் யாருக்கும் கிடையாது. இந்த நல்ல குணமே இப்போது நமக்கு இடையூறாக வந்து நிற்கிறதோ என்ற சந்தேகத்தினால்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

இந்த மாதத்துக் கட்டுரை, நிர்வாகத்தில் தீர்மானம் செய்வதற்குரிய சட்டகங்களைப் பற்றியது. நம்மில் இளையவரான நண்பர், ‘பிரேம்வொர்க்’ என்று எல்லோரும் சொல்லிப் பழகிவிட்டதற்குச் ‘சட்டகம்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டு, அத்தகைய ஆறு சட்டகங்களைப் பன்னிரண்டு பக்கங்களில் விவரித்து, ஒவ்வொரு பக்கத்திலும் இடப்புறம் நாலு விரற்கடை ஓரம் விட்டு அச்சடித்து, எட்டுப் பேருக்கும் அனுப்பிவைத்தார். எட்டுப் பிரதிகளும் குறிப்புகளோடு திரும்பி வந்தன. அவற்றைத் தொகுத்துக் கொடுக்கும் பொறுப்பு இம்முறை என்னுடையது ஆகையால், நேற்று இரவு மேஜை விளக்கின் கீழ் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன்.

கட்டுரையின் முகப்பில் திருக்குறளின் தெரிந்துசெயல்வகை அதிகாரம் வந்து நிற்கிறது. எட்டில் ஆறு பிரதிகளில் அந்த இடத்துக்கு எதிரே ‘அருமை’ என்று எழுதியிருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் ஓர் ஒற்று விட்டுப் போயிருக்கிறது. ஐந்து பேர் அதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒரு பிரதியில் சிவப்பு மசியால் நாற்பதுக்கு மேற்பட்ட இடங்களில் அடிக்கோடு இட்டிருக்கிறதே தவிர, எதற்காக என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. இன்னொன்று கையெழுத்தும் தேதியும் மாத்திரம் தாங்கி, மற்றபடி போனபடியே திரும்பி வந்திருக்கிறது. எட்டாவது பிரதி என்னுடையது. லிண்ட்ப்ளோம் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959-ல், நிர்வாகிகள் பெரிய திட்டம் ஏதுமின்றிச் சிறு சிறு அடியாகத் தட்டித் தடவித்தான் முன்னேறுகிறார்கள் என்று எழுதிய பிரசித்தமான கட்டுரையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று, நாலு வரியில் விஸ்தாரமாக எழுதியிருந்தேன். இன்று அதை மறுபடி வாசித்தபோது, அந்த யோசனை கட்டுரையின் நன்மைக்காகச் சொன்னதா, லிண்ட்ப்ளோமை நான் வாசித்திருக்கிறேன் என்று தெரிவிக்கச் சொன்னதா என்று எனக்கே சந்தேகமாயிற்று. ஆகையால், இந்த மடலில் நான் கூறும் குறைகளிலிருந்து என்னை விலக்கிக்கொள்ளவில்லை.

நன்னூல் செய்த பவணந்தி முனிவர், பாடம் கேட்கும் மாணாக்கர்களுக்கு அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று எட்டு உவமைகள் சொல்லியிருப்பது உங்களுக்குத் தெரியும். எட்டுப் பிரதிகளையும் எட்டு உவமைகளையும் பொருத்திப் பார்க்கும் சபலம் எனக்கு உண்டாகாமல் இல்லை. யார் எது என்று சொல்லிச் சிநேகத்தைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன். பொதுவாக ஒன்று சொல்லலாம். நெய்யைக் கீழே விட்டுக் கசடைத் தன்னிடம் நிறுத்திக்கொள்ளும் நெய்யரியும், சொன்னதையே சொல்லும் கிளியும், ஒரு செடியிலும் வயிறு நிறைய மேயாமல் நுனி நுனியாகக் கடித்துக்கொண்டு போகும் ஆடும், கேட்பவர்களுக்குள் மட்டுமல்ல, அபிப்பிராயம் சொல்பவர்களுக்குள்ளும் உண்டு.

இந்தச் சங்கடம் நமக்குப் புதிதாக ஏற்பட்டதும் அன்று. லண்டனில் உள்ள ராயல் சொஸைட்டி, தன்னிடம் வரும் விஞ்ஞானக் கட்டுரைகளைப் பற்றி அறிஞர்களிடம் எழுத்து மூலம் அறிக்கை வாங்கும் வழக்கத்தைத் தொடங்கியபோது, பூமி, வெள்ளி என்னும் இரண்டு கிரகங்களின் கதியைப் பற்றி ஏரி என்ற வானநூலார் எழுதிய கட்டுரை, ஹ்யூவெல், லப்பக் என்ற இருவரிடம் சேர்ந்தாற்போல் ஒப்படைக்கப்பட்டது. இந்தக் கட்டுரையினால் விஞ்ஞானத்துக்கு என்ன லாபம் என்று உலகத்துக்கு எடுத்துக்காட்டுவதே தம் வேலை என்று ஹ்யூவெல் எண்ணினார். கணக்கில் எங்கெங்கே பிசகு இருக்கிறது என்று பார்ப்பதே தம் வேலை என்று லப்பக் எண்ணினார். 1832-ல் அறிக்கை வெளியாகுமுன் இருவருக்கும் இடையே பெரிய இழுபறி நடந்தது. பாராட்டுவதா, பிழை பார்ப்பதா என்ற அந்த விவாதம்தான், ‘அருமை’யாகவும் சிவப்பு மசியாகவும் உருமாறி, நேற்று என் மேஜையின் மேல் கிடந்தது.

ஆனால் நம் கையில் இருப்பது வானநூற் கட்டுரை அன்று. காரியத்துக்கு உபயோகமாகும் கருவி இது என்று சொல்லி ஒருவர் நம்மிடம் நீட்டுகிற கட்டுரை. அரிவாள்மணை வாங்கப் போகிறவள் பலகையின் வழவழப்பைத் தடவிப் பார்த்தோ, அதில் பெயர் பொறித்த எழுத்தில் பிழை பார்த்தோ வாங்கிவிடுவதில்லை. கூடையிலிருந்து ஒரு வாழைக்காயை எடுத்து நறுக்கிப் பார்க்கிறாள். தீர்மானச் சட்டகத்தைப் பற்றிய கட்டுரைக்கு அபிப்பிராயம் சொல்ல வேண்டுமானால், அந்தச் சட்டகத்தில் நம்முடைய நிஜமான தீர்மானம் ஒன்றைப் பொருத்திப் பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் தொட வேண்டும். என் வேண்டுகோள் இவ்வளவுதான். இனி எழுதுவதெல்லாம் அதற்கான நியாயங்கள்.

முதலில், கட்டுரையின் இரண்டாம் பக்கத்தில் வரும் பெஞ்சமின் பிராங்க்லினை எடுத்துக்கொள்வோம். ஷெல்பர்ன் பிரபுவிடம் உத்தியோகம் ஏற்பதா வேண்டாமா என்று தத்தளித்துக்கொண்டிருந்த பிரீஸ்ட்லி என்ற விஞ்ஞானி யோசனை கேட்டு எழுதியதற்கு, பிராங்க்லின் 1772-ம் வருஷம் செப்டம்பர் 19-ம் தேதி பதில் எழுதினார். விவரங்கள் போதாமையால் எதைத் தீர்மானிப்பது என்று தம்மால் சொல்ல முடியாது, எப்படித் தீர்மானிப்பது என்று வேண்டுமானால் சொல்லலாம் என்ற பீடிகையோடு, காகிதத்தின் நடுவே ஒரு கோடு கிழித்து, ஒரு பக்கம் அனுகூலமான காரணங்களையும் மறுபக்கம் பிரதிகூலமான காரணங்களையும் எழுதி, எடை சமமாக உள்ளவற்றை இரண்டு பக்கத்திலும் அடித்துக்கொண்டே போய், மிச்சம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்க்கும் முறையை அதில் விவரித்திருந்தார். நம் நண்பர் இதை அழகாகவே எடுத்துச் சொல்லியிருக்கிறார். எட்டுப் பேரும் அந்தப் பக்கத்தை ஆட்சேபணையின்றிக் கடந்து போயிருக்கிறோம்.

நேற்றைக்கு முந்தின வாரம், எங்கள் பழைய வீட்டின் ஓட்டுக் கூரையைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் தளம் போடலாமா என்ற கேள்வி வீட்டில் எழுந்தபோது, இந்த முறையைப் பரீட்சித்துப் பார்க்கும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்தது. ஓர் அரைத் தாளை எடுத்துக் கோடு கிழித்தேன். குரங்குகள் ஓட்டை உடைக்கின்றன. ஐப்பசி மழையில் கூடத்தில் நான்கு இடத்தில் பாத்திரம் வைக்க வேண்டியிருக்கிறது. ஓடு மாற்றத் தெரிந்த ஆள் இப்போது கிடைப்பதில்லை: இவை ஒரு பக்கம். செலவு, சித்திரை மாதத்து உஷ்ணம்: இவை மறுபக்கம். கால் மணி நேரத்தில் காரியம் முடிந்துவிட்டது. தளம் போடுவது என்று தீர்மானமும் ஆகிவிட்டது. மூன்றாம் நாள் ஊரிலிருந்து வந்த என் தமக்கை, மேஜையின் மேல் கிடந்த தாளைப் பார்த்துவிட்டு, “மண்ணு வச்சுக் கட்டின சுவராச்சேடா, தளத்தைத் தாங்குமா?” என்று கேட்டாள். பிரதிகூலப் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டிய ஒரே காரணம் அதுதான். மற்ற ஐந்தும் அதன் முன் எடையற்றவை.

இதற்குப் பிறகுதான் பிராங்க்லினின் கடிதத்தைத் தேடி எடுத்து நிதானமாக வாசித்தேன். காரணங்களை ஒரே மூச்சில் எழுதிவிட அவர் சொல்லவே இல்லை. மூன்று நான்கு நாட்கள் அந்தத் தாளை வைத்திருந்து, வெவ்வேறு வேளைகளில் தோன்றுவதை அவ்வப்போது குறித்துக்கொண்டு, கணக்குப் பார்த்த பிறகும் ஓரிரண்டு நாள் பொறுத்து, புதிதாக ஒன்றும் தோன்றாவிட்டால்தான் முடிவு செய்ய வேண்டும் என்கிறார். அந்த முறையின் உயிர் நடுவே கிழித்த கோட்டில் இல்லை. அந்த நாலு நாட்களில் இருக்கிறது. நம் நண்பரின் கட்டுரையிலோ கோடு இருக்கிறது, நாட்கள் இல்லை. கூரையைப் பற்றிய அரைத் தாள் இல்லாவிட்டால் இந்தக் குறை என் கண்ணில் படவே பட்டிருக்காது. மூன்றாம் பக்கத்து ஒற்றை மட்டும் திருத்தி, கௌரவமாகக் கையெழுத்திட்டிருப்பேன்.

அடுத்தது, கட்டுரையின் நடு நாயகமாக உள்ள மதிப்பெண் அட்டவணை. தேர்ந்தெடுக்க வேண்டிய வழிகளை மேலே வரிசையாகவும், கவனிக்க வேண்டிய அம்சங்களைப் பக்கவாட்டிலும் எழுதி, ஒவ்வோர் அம்சத்துக்கும் அதன் முக்கியத்துவத்துக்கு ஏற்ப ஓர் எடை கொடுத்து, பெருக்கிக் கூட்டி, அதிகத் தொகை பெற்ற வழியை எடுத்துக்கொள்வது. 1965-ல் கெப்னர், ட்ரெகோ என்ற இருவர் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு இம்மாதிரியான அட்டவணை இல்லாத நிர்வாகப் பயிற்சி அபூர்வம். ‘இதில் சொந்த விருப்பு வெறுப்புக்கு இடமில்லை’ என்று நண்பர் ஏழாம் பக்கத்தில் எழுதியிருக்கிறார். அந்த வரிக்கு எதிரே ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. நான் எழுதியிருக்க வேண்டும். ஏனென்றால், அந்த வரி பொய் என்பதற்கு நானே சாட்சி.

ஒரு நூற்பாலையில் பஞ்சுக் கொள்முதல் பிரிவில் நான் வேலை பார்த்த காலத்தில் நடந்தது. இரண்டு வியாபாரிகளின் சாம்பிள்கள் வந்திருந்தன. விலைக்கு எடை 5, இழை நீளத்துக்கு 4, குப்பை குறைவாக இருப்பதற்கு 3, பணம் கட்டும் தவணைக்கு 2 என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போட்டேன். முதலாமவருக்கு முறையே 8, 6, 5, 7. இரண்டாமவருக்கு 6, 8, 7, 6. பெருக்கிக் கூட்டினால் முதலாமவருக்கு 93, இரண்டாமவருக்கு 95. இரண்டாமவரிடம் வாங்க வேண்டியதுதான் நியாயம். ஆனால் முதலாமவர் பல வருஷத்துப் பழக்கம்; அவர் பேச்சும் முகமும் பழகியவை; இந்தச் சீசனில் அவரை விட்டுவிட என் மனம் ஒப்பவில்லை. பென்சிலையும் ரப்பரையும் எடுத்தேன். கண்டிக்கு விலை ஏறியிருக்கிற இந்த வருஷத்தில் விலைக்கு 5 போதாது, 6 கொடுக்கலாம் என்று தோன்றிற்று. அதற்கு ஈடாக இழை நீளத்தில் ஒன்றைக் குறைத்து 3 ஆக்கினேன். எடைகளின் மொத்தம் முன்போலவே 14. மறுபடி கூட்டினேன்: முதலாமவருக்கு 95, இரண்டாமவருக்கு 93. அட்டவணையைச் சுத்தமாகப் படியெடுத்து மேலதிகாரியிடம் வைத்தேன்; அவர் அந்தக் கூட்டலைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டார். கூட்டலில் பிழையே இல்லை.

அந்தப் பஞ்சு பேல் பேலாக வந்து புளோரூமைத் தாண்டி ஸ்பின்னிங்குக்குப் போனதும், நூல் வழக்கத்துக்கு மேல் அறுந்தது. ஒரு சைடில் முடி போட்டுவிட்டு மறு சைடுக்குத் திரும்புமுன் நாலு இடத்தில் அறுந்து நிற்கும் நூலைப் பார்த்து, வேலை செய்த பெண்கள் கொள்முதல் பிரிவை என்ன சொல்லித் திட்டினார்கள் என்பது ஜாபர் மூலமாக என் காதுக்கு எட்டியது. அந்த அட்டவணையில் என் விருப்பம் மறைந்திருந்தது என்பதை அறிந்தவன் நான் ஒருவனே. ‘இதில் சொந்த விருப்பு வெறுப்புக்கு இடமில்லை’ என்ற வரிக்கு எதிரே, “எடைகளை மதிப்பெண் போடுமுன்னரே நிர்ணயித்து, வேறொருவர் கையில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் விருப்பு வெறுப்பு ரப்பர் வழியாக உள்ளே வந்துவிடும்” என்று ஒரு வாக்கியம் நான் எழுதியிருந்தால், அது எந்தப் புத்தகத்தையும் புரட்டாமல் என் ஒருவனால் மட்டுமே நண்பருக்குக் கொடுத்திருக்கக்கூடிய பொருள். அதை விட்டுவிட்டு லிண்ட்ப்ளோமை எழுதினேன்.

அதே ஆலையில் வயதான செலக்டர் ஒருவர் இருந்தார். சாம்பிளிலிருந்து ஒரு சிட்டிகைப் பஞ்சை எடுத்து, இரண்டு கட்டை விரல்களுக்கும் நடுவே பிடித்து இழுத்து, இழுத்ததை மேல் வைத்து மறுபடி இழுத்து, இழைகளெல்லாம் சீப்பு வாரினாற்போல் ஒரு போக்காக வந்ததும் கறுப்புக் கோட்டுக் கையின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு, வேண்டும் வேண்டாம் என்று ஒரே சொல்லில் தீர்த்துவிடுவார். பிற்பாடு அந்த லாட்டைப் பரிசோதனைச் சாலையில் அளந்தால், அவர் சொன்னதற்கு மயிரிழைதான் வித்தியாசம் இருக்கும். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. கேரி க்ளைன் என்ற மனோதத்துவ அறிஞர், தீயணைப்புப் படைத் தலைவர்கள் எரியும் வீட்டின் முன் நின்று எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்று ஆராய்ந்து 1998-ல் எழுதிய புத்தகத்தில் வருவதும் இந்த விதமான ஞானமே. இரண்டு வழிகளை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்று எதிர்பார்த்துப் போனவருக்கு, அவர்கள் நிலைமையைப் பார்த்ததும் பழைய அனுபவம் ஒன்றோடு அடையாளம் கண்டு, முதலில் தோன்றிய வழியை மனத்துக்குள் நடத்திப் பார்த்து, சரியென்றால் உடனே செய்துவிடுகிறார்கள் என்பது தெரிந்தது. நம் நண்பரின் ஆறு சட்டகங்களில் ஒன்றுகூட அந்தச் செலக்டரின் கட்டை விரலுக்கு இடம் கொடுக்கவில்லை. அப்படிப்பட்ட ஒருவரோடு வேலை பார்த்தவர்கள் நம்மில் நாலு பேராவது உண்டு. ஆனால் எந்தப் பிரதியின் ஓரத்திலும் அவரை நான் பார்க்கவில்லை.

ஹெர்பர்ட் சைமன் பகுதியையும் சொல்லிவிடுகிறேன். 1947-ல் நிர்வாகியின் நடத்தையைப் பற்றிப் புத்தகம் எழுதி, 1978-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற அவர், மனிதனின் கவனமும் காலமும் அளவுபட்டவை ஆகையால், அவன் எல்லாவற்றிலும் சிறந்ததைத் தேடுவதில்லை, போதுமானது கிடைத்ததும் நின்றுவிடுகிறான் என்றார். வைக்கோற்போரில் கிடக்கும் ஊசிகளுக்குள் மிகக் கூர்மையானதைத் தேடுவதற்கும், தைக்கும் அளவுக்குக் கூர்மையுள்ள ஒன்றைத் தேடுவதற்கும் உள்ள வித்தியாசத்தை அவரும் மார்ச் என்பவரும் சேர்ந்து எழுதிய புத்தகத்தில் உவமையாகக் காட்டினார்கள். கட்டுரையின் நாலாம் பக்கம் இதை விளக்குகிறது. ஐந்தாம் பக்கம் முதல் பன்னிரண்டாம் பக்கம் வரை, மிகக் கூர்மையான ஊசியைத் தேடும் முறைகளே வருகின்றன. இந்த முரண்பாட்டைச் சிவப்பு மசி காணவில்லை.

ஒரு கட்டுரைக்கு இவ்வளவு சிரத்தை அவசியமா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். கட்டுரையை வாசித்து யாராவது ஒருவர் நாளைக்கு ஆள் எடுப்பார், இயந்திரம் வாங்குவார், கிளையை மூடுவார். அதற்காகவாவது அவசியம் என்பேன். காகிதத்தில் உள்ள விவரத்தைச் சரிபார்த்துவிட்டு, காகிதத்தில் இல்லாததைக் கேளாமல் விட்டதனால் நேர்ந்த விபரீதம் ஒன்றையும் நினைவூட்டுகிறேன்.

1986-ம் வருஷம் ஜனவரி 27-ம் தேதி இரவு, சாலஞ்சர் விண்வெளி ஓடத்தை மறுநாள் காலையில் ஏவலாமா என்பது பற்றி, ராக்கெட்டைத் தயாரித்த மார்ட்டன் தியோகால் கம்பெனியாரும் நாசா அதிகாரிகளும் தொலைபேசி மூலம் கூடிப் பேசினார்கள். குளிர் அதிகமாக இருக்கிறது, ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் விறைத்துப் போகும், 53 பாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவக் கூடாது என்று கம்பெனியின் பொறியாளர்கள் பதின்மூன்று தாள்களில் விவரங்களை அனுப்பினார்கள். ஆனால் எந்தெந்தப் பயணங்களில் வளையங்களுக்குச் சேதம் நேர்ந்ததோ அவற்றின் உஷ்ண நிலையை மட்டும் வைத்துப் பார்த்தபோது, குளிரிலும் சேதம், வெப்பத்திலும் சேதம் என்று ஒரு நிதானத்துக்கு வராமல் இருந்தது. சேதமே நேராத பயணங்களையும் சேர்த்து யாரும் பார்க்கவில்லை. விபத்துக்குப் பிறகு விசாரணைக் கமிஷன் அவற்றையும் சேர்த்துப் பார்த்தது: 66 பாகையும் அதற்கு மேலும் இருந்த இருபது பயணங்களில் மூன்றில்தான் சேதம்; 63 பாகையும் அதற்குக் கீழும் இருந்த நான்கு பயணங்களில் நான்கிலும் சேதம். அன்றிரவு அதிகாரிகள் ஆட்சேபித்ததும், கம்பெனியார் தொலைபேசியை நிறுத்திவிட்டுத் தமக்குள் அரை மணி நேரம் பேசி, நிர்வாகிகள் நால்வர் மட்டும் வாக்களித்து, ஏவலாம் என்று திரும்பச் சொன்னார்கள். மறுநாள் ஓடம் கிளம்பிய 73-வது விநாடியில் சிதறி, ஏழு பேர் மாண்டார்கள்.

அந்த அறைகளில் சட்டகத்துக்குக் குறைவில்லை. ஏவுதலுக்கு முன் செய்ய வேண்டிய பரிசீலனைகள் படிப்படியாக வகுக்கப்பட்டிருந்தன. தங்கள் முன்னால் வைக்கப்பட்ட தாள்களில் இல்லாத பயணங்கள் எங்கே என்று கேட்கத்தான் ஆள் இல்லை. நம் கட்டுரையிலும் ஆறு சட்டகங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வெற்றிக் கதை. இதே சட்டகத்தைக் கையாண்டு தோற்றவர்கள் எங்கே, சட்டகமே இல்லாமல் ஜெயித்தவர்கள் எங்கே என்று ஓரத்தில் ஒரு வரி எழுத வேண்டியது சக வாசகனின் கடமை. தோற்றவர்களில் ஒருவன் நானே என்று 95-க்கும் 93-க்கும் உள்ள கதையைச் சொல்ல முடிந்தால் இன்னும் விசேஷம்.

எப்படி எழுதுவது என்பதையும் ஒரு வார்த்தை சொல்கிறேன். ‘அருமை’ என்பதை விட்டுவிட வேண்டியதில்லை. எது, எதனால் என்று சேர்த்துக்கொண்டால் போதும். ‘வ்ரூம், யெட்டன் என்ற இருவர் 1973-ல் வகுத்த கேள்விகளை, நீங்கள் எழுதிய வரிசைப்படியே எங்கள் கடைக்கு ஒருவரை நியமிக்கும் விஷயத்தில் கேட்டுப் பார்த்தேன், யாரையெல்லாம் கலந்துகொள்வது என்பது ஐந்தாவது கேள்வியில் தெளிவாயிற்று’ என்று எழுதினால், அந்தப் பாராட்டு நண்பருக்குப் பலம். அதுபோலவே, ‘தெளிவாக இல்லை’ என்ற இரண்டு சொற்களுக்குப் பதிலாக, ‘இந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன், அடுத்து எந்தக் கட்டத்தை நிரப்புவது என்று தெரியவில்லை’ என்று எழுதினால், அது எழுதியவரைக் குறை கூறுவதாகாது, நம்முடைய பிரயாணத்தைச் சொல்வதாகும். இப்படி நடந்து பார்த்துச் சொல்பவனுக்குக் கடுமையும் வராது, முகஸ்துதியும் வராது. இரண்டும் நடக்காமல் உட்கார்ந்தே வழி சொல்பவர்களுக்கு வருகிற வியாதிகள்.

கேட்டுக்கொள்பவருக்கும் ஒரு பங்கு உண்டு. 1936-ல் ஐன்ஸ்டீனும் ரோஸனும் ஈர்ப்பலைகளைப் பற்றி எழுதி ‘பிசிக்கல் ரிவியூ’ பத்திரிகைக்கு அனுப்பிய கட்டுரையை, அதன் ஆசிரியர் டேட் வேறோர் அறிஞரிடம் காட்டி அபிப்பிராயம் வாங்கி அனுப்பினார். அச்சிடுமுன் பிறரிடம் காட்டத் தாம் அனுமதி கொடுக்கவில்லை என்று கோபித்து ஐன்ஸ்டீன் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஆனால் மறு வருஷம் அது வேறொரு பத்திரிகையில் வெளிவந்தபோது, முடிவு தலைகீழாக மாறியிருந்தது. பிழை இருப்பதை இதற்குள் அவரே உணர்ந்துவிட்டார். அபிப்பிராயம் சொன்னவர் ராபர்ட்சன் என்பது 2005-ல்தான் வெளியே தெரிந்தது. அபிப்பிராயத்தை ஏற்பதும் தள்ளுவதும் எழுதியவர் உரிமை. கோபித்துக்கொள்வதும்கூட அவர் உரிமைதான். கோபம் தணிந்த பிறகு கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கிறாரா என்பதே கேள்வி. நம் இளைய நண்பர் பார்ப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பார்ப்பதற்கு நாம் ஏதாவது கொடுத்திருக்கிறோமா என்பதில்தான்.

ஆகவே, நண்பர்களே, அபிப்பிராயத் தொகுப்பை இந்த ஞாயிற்றுக்கிழமை அவரிடம் நான் கொடுக்கப் போவதில்லை. எட்டுப் பிரதிகளையும் அவரவருக்கே திருப்பி அனுப்புகிறேன். நாம் கூடுவதற்கு இன்னும் நான்கு நாட்கள் இருக்கின்றன. பிராங்க்லின் கேட்டதும் ஏறக்குறைய அவ்வளவுதான். கட்டுரையிலிருந்து உங்களுக்குப் பிடித்த ஒரு சட்டகத்தையும், உங்கள் கையில் இப்போது நிஜமாகவே தீராமல் கிடக்கும் ஒரு காரியத்தையும் எடுத்துக்கொண்டு, ஒன்றில் மற்றொன்றைப் பொருத்திப் பாருங்கள். எங்கே பொருந்திற்று, எங்கே பிடித்தது, எந்த இடத்தில் உங்கள் கை ரப்பரைத் தேடிற்று என்று எழுதுங்கள். ஒற்றுப் பிழையை நான் திருத்திவிட்டேன்; அது இனி ஒருவர் வேலையும் அன்று.

என் பிரதியில் லிண்ட்ப்ளோமைப் பற்றிய நாலு வரிகளையும் அடித்துவிட்டேன். அந்த இடத்தில், எடைகள் 5, 4, 3, 2 என்றிருந்த அட்டவணையையும், அதன் கீழே 6, 3, 3, 2 என்று மாற்றிய அட்டவணையையும் பென்சிலால் வரைந்து, கையெழுத்திட்டு வைத்திருக்கிறேன். கூட்டலை யாராவது சரிபார்த்துக் கொடுத்தால் நல்லது.

இங்ஙனம்,
உங்களில் ஒருவன்